விருது கொடுப்பதற்கு முன்னால் குப்பை அள்ளும் அக்காவிடம் கேளுங்கள்

முதல் வருடம் "குப்பையைக் குறைத்த பள்ளி" என்று நாங்கள் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திய ஒரு பள்ளியில், சாயங்காலமானால் பின்பக்கக் காம்பவுண்டு ஓரமாகக் குப்பையைக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். விருது கொடுத்துப் பத்து நாள் கழித்துத்தான் எங்களுக்கு அது தெரிந்தது. எங்கள் வீதிக்குத் தள்ளுவண்டியோடு வருகிற தூய்மைப் பணியாளர் அக்கா ஒரு நாள் காலையில் வாளியை வாங்கிக்கொண்டே சொன்னார்: "அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பரிசு குடுத்தீங்களாமாக்கா? நான் அங்க வண்டியவே நிறுத்தறதில்லீங்க. எடுக்கறதுக்கு அவங்க என்ன மிச்சம் வெக்கறாங்க, அன்னன்னிக்குப் பொழுதோட கொளுத்திப் போடறாங்க."

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் பகுதி அவிநாசிக்குப் போகிற வழியில், லைன் வீடுகளும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளும் பேக்கரிகளும் கலந்து கிடக்கிற இடம். திருப்பூர்க்காரர்களுக்குக் குப்பை என்றால் பாறைக்குழி ஞாபகம் வரும். கல் எடுத்து முடித்துக் கைவிட்ட குழிகளில் ஊர்க் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுவதும், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போகிறது என்று வந்து லாரியை மறிப்பதும் இங்கே பழகிப்போன காட்சி. நம் வீட்டு வாசலை விட்டுப் போனால் குப்பை தொலைந்தது என்று நினைக்கிறோம், அது இன்னொருவர் தோட்டத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதைப் பேசிப் பேசித்தான் எங்கள் வீதியில் ஏழு பேர் சேர்ந்தோம்.

முதலில் புகார் கொடுத்துப் பார்த்தோம். கவர் கொடுக்கிற கடைக்கு அபராதம் விழுந்தது, கடைக்காரர் கட்டினார், மறுநாள் அதே கவர் கல்லாவுக்குக் கீழே வந்துவிட்டது. எங்களிடம் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். சரி, தப்புச் செய்கிறவரைத் துரத்துவதற்குப் பதில் ஒழுங்காகச் செய்கிறவரை ஊரறியக் கௌரவிப்போம் என்று ஆரம்பித்ததுதான் இந்த விருது. நோக்கம் சரிதான். செய்த விதத்தில்தான் கோளாறு.

முதல் வருடம் ஒரு படிவம் அச்சடித்துக் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் கொடுத்தோம். "குப்பையைத் தரம் பிரிக்கிறீர்களா? பிளாஸ்டிக் தவிர்க்கிறீர்களா?" என்று கேட்டால் யார்தான் இல்லை என்று எழுதுவார்கள்? அந்தப் பள்ளியை நேரில் பார்க்கத்தான் போனோம், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனோம். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று புதுத் தொட்டிகள் வாசலிலேயே நின்றன. உள்ளே எட்டிப் பார்த்தேன், அடியில் கடை ஸ்டிக்கர்கூடக் கிழியாமல் இருந்தது. அதைப் பார்த்தும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. விழாவுக்கு ஒரு மண்டபம், பிளாஸ்டிக் ஷீல்டு, பின்னால் பத்தடிக்கு ஃப்ளெக்ஸ். ஃப்ளெக்ஸ் என்பது பிவிசி பூசிய துணி, அதைக் காயலான் கடைக்காரர் எடைக்குக்கூட எடுக்க மாட்டார். குப்பையைக் குறைக்கச் சொல்லும் விழாவில் அந்த ஃப்ளெக்ஸ்தான் பெரிய குப்பை, அதை மடித்துக் கையில் தூக்கும்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அப்புறம் இரண்டாம் வருடம் எல்லாவற்றையும் மாற்றினோம். முதல் மாற்றம், யாருக்குக் கொடுப்பது என்று நாங்கள் முடிவு செய்வதை நிறுத்தினோம். அந்த வட்டாரத்தில் குப்பை எடுக்கிற தூய்மைப் பணியாளர்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, உங்களுக்கு எந்தக் கடைக் குப்பையைத் தொடுவதற்குக் கஷ்டமில்லை என்று கேட்டோம். அவர்கள் சொன்னதெல்லாம் எங்கள் படிவத்தில் இல்லாத விஷயங்கள். ஒரு சலூன்காரர் பிளேடைத் தனியாக டப்பாவில் போட்டு, மேலே எழுதி ஒட்டித் தருகிறார். ஒரு மெஸ்ஸில் சாம்பார் வழிகிற கவரைக் கட்டி மூட்டைக்குள் திணிப்பதால் தூக்கும்போது தோளெல்லாம் ஒழுகுகிறது. ஒரு மருந்துக் கடை ஊசியையும் டீ கப்பையும் ஒரே பையில் போடுகிறது. கைவிட்டு அள்ளுகிறவருக்குத்தானே இது தெரியும்? விருது கொடுக்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வதில் முக்கியமானது இதுதான். வேறு எதைச் செய்யாவிட்டாலும், பெயர்ப் பட்டியலைக் குப்பை அள்ளுகிறவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். இன்னொன்று, அவர்களைச் சும்மா கூப்பிடாதீர்கள். அவர்களுக்கு ஓய்வு கிடைப்பதே அபூர்வம், அந்த நேரத்தைத்தான் நமக்குத் தருகிறார்கள். நாங்கள் ஒரு நாள் சம்பளத்தைக் கணக்குப் பண்ணி முதலிலேயே கையில் கொடுத்துவிடுகிறோம். ஷீல்டுக்கும் மண்டபத்துக்கும் செலவழித்த காசில் இது கால்வாசிகூட ஆகவில்லை.

இரண்டாவது மாற்றம் எடை. கொக்கி வைத்த தொங்கு தராசு ஒன்றும் நூறு பக்க நோட்டு ஒன்றும் வாங்கினோம். சேர விரும்புகிற கடைக்கு மாதத்தில் நான்கு நாள், சொல்லாமல் கொள்ளாமல் போய், அன்றைய குப்பையை நிறுத்து எழுதுவது. கடைக்காரரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கிக்கொள்வோம், நாள் மட்டும் சொல்ல மாட்டோம். ஒரு கடையை இன்னொரு கடையோடு ஒப்பிடவே கூடாது, பெரிய பேக்கரியும் பெட்டிக்கடையும் ஒன்றா? அந்தக் கடையின் போன தை மாதத்தை இந்தத் தை மாதத்தோடு ஒப்பிடுவோம்.

இதிலும் ஒரு தப்புக் கற்றோம். எங்கள் வீதி முனையில் இருக்கிற டீக்கடை அண்ணன் பேப்பர் கப்பை அடியோடு நிறுத்திக் கண்ணாடி டம்ளருக்கு மாறினார். நோட்டைப் பார்த்தால் எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. அவர் முகமே வாடிப்போனது. யோசித்தால், காலிக் கப் எவ்வளவு கனம் இருக்கும்? சில கிராம்தான். எடையை ஏற்றுவது ஈரக் குப்பை: டீச்சக்கை, பழத்தோல், மிச்சச் சோறு. இடத்தை அடைப்பது உலர்ந்த குப்பை. அவர் கடையில் எடை அப்படியே இருந்தாலும் இரண்டு சாக்காகப் போய்க்கொண்டிருந்தது அரைச் சாக்காகிவிட்டது. அன்றிலிருந்து நோட்டில் இரண்டு பத்தி போட்டோம், கிலோ ஒன்று, சாக்கு ஒன்று.

பேப்பர் கப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கடைக்காரர்கள் பலர் உண்மையாகவே "பேப்பர்தானுங்களே, மக்கிப்போயிருமே" என்று நம்புகிறார்கள். டீ ஊறாமல் இருக்க உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அதனால் பழைய பேப்பர்காரரும் எடுப்பதில்லை, உரக்குழியில் போட்டாலும் அந்தப் படலம் அப்படியே கிடக்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு. ஆனால் சட்டத்தைச் சொன்னால் அந்த அண்ணன் மாறியிருக்க மாட்டார். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு நாளைக்கு 300 டீ, கப் ஒன்று 70 காசு, ஆக 210 ரூபாய், மாதம் 6,300 ரூபாய். டம்ளர் உடைவதும் கழுவுகிறவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதும் போக அவருக்கு மிச்சம்தான். "இத்தன நாளா கப்புக்காரனுக்கா சம்பாரிச்சேன்" என்றார். கணக்கெழுதுகிறவள் என்பதால் சொல்கிறேன், கடைக்காரரிடம் ஒரு பேப்பரில் எழுதிக் காட்டுவதற்கு ஈடான பேச்சு வேறு கிடையாது.

துணிப்பை விஷயத்தில் திருப்பூர்க்காரர்களை ஏமாற்ற முடியாது என்று நினைத்திருந்தேன். 2021 டிசம்பரில் தமிழக அரசு "மீண்டும் மஞ்சப்பை" என்ற இயக்கத்தைத் தொடங்கிய பிறகு பல கடைகள் மஞ்சள் நிறத்தில் பை கொடுத்தார்கள், நாங்களும் மதிப்பெண் போட்டோம். எங்களில் ஒரு டெய்லர் அக்கா ஒரு பையை ஓரத்தில் பிடித்து இழுத்தார். நூல் பிரியவில்லை, பிசிறு பிசிறாகக் கிழிந்தது. நெய்யாத துணி, பாலிபுரொப்பலீன், அதாவது பிளாஸ்டிக்தான். நெய்த துணி என்றால் ஒரு இழை உருவி வரும். மதிப்பெண் போடப் போகும்போது பையைக் கையில் வாங்கி இழுத்துப் பாருங்கள்.

அப்புறம் இட்லிக் கடை அம்மா. வயது எழுபதுக்கு மேல். முப்பது வருடமாகப் பாத்திரம் கொண்டுவந்தால் பாத்திரத்தில், இல்லையென்றால் வாழை இலையில் வைத்து மேலே பேப்பர் சுற்றி வாழைநாரில் கட்டித் தருகிறவர். சாம்பாருக்குத் தூக்குப்போசி கொண்டு வராவிட்டால் சாம்பார் இல்லை, சட்னி மட்டும்தான். அவர் கடையில் ஒரு நாளைக்கு ஒரு வாளிக் குப்பை, அதுவும் எச்சில் இலை, பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்குப் போய்விடும். எங்கள் விதிப்படி "குறைத்தவர்களுக்கு" விருது. அவரிடம் படிவத்தைப் பற்றிச் சொன்னபோது, "நான் என்னத்தைக் குறைச்சேன் அம்மிணி, எப்பவும் போலத்தான் பண்றேன்" என்றார். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. கெட்டுப்போய்த் திருந்தியவருக்குத் துண்டு போடுவோம், கெட்டே போகாதவரைக் கண்டுகொள்ள மாட்டோம் என்றால் அது என்ன நியாயம்? அதனால் "ஆதியிலிருந்தே" என்று தனியாக ஒரு வரிசை வைத்தோம். இந்த வரிசையில் வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், சின்னக் கடைக்காரர்கள், தங்களுக்கெல்லாம் விருது உண்டு என்று நினைத்தே பார்க்காதவர்கள். இவர்களை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

பனியன் யூனிட்டுகளில் குப்பை என்றால் அது காசு, அதனால் கட்டிங் வேஸ்ட்டை யாரும் தெருவில் போடுவதில்லை. ஆனால் எப்படிப் போகிறது என்பதில்தான் வித்தியாசம். வெள்ளைத் துண்டு தனியாக இருந்தால் நல்ல விலை. கலர் துணி நிறவாரியாகப் பிரிந்திருந்தால் அதை அடித்துப் பஞ்சாக்கி ஓப்பன் எண்ட் மில்லில் நூலாக்கும்போது அந்த நிறத்திலேயே நூல் வந்துவிடும், திரும்பச் சாயம் போட வேண்டியதில்லை. சாயத்தண்ணீர் நொய்யல் ஆற்றை என்ன பாடு படுத்தியது என்பதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இங்கே சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்ததும் நாங்கள் கண்ணால் பார்த்தவை. அதனால் சாயம் வேண்டாத ஒரு கிலோ நூல் என்பது எங்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை. இழுத்தால் நீளுகிற லைக்ரா கலந்த துணி இதில் சேர்ந்தால் பஞ்சு ஒழுங்காக வராது. பாலி பேக்கும் டீ கப்பும் பீடித்துண்டும் சேர்ந்தால் மொத்த மூட்டையும் கழிவாகிவிடும்.

இருபது மெஷின் போட்ட ஒரு சின்ன யூனிட்டில் கட்டிங் டேபிளுக்குக் கீழே நான்கு சாக்கு கட்டியிருந்தார்கள். வெள்ளை, கலர், லைக்ரா, எண்ணெய் பட்டது. எண்ணெய் பட்டது மெஷின் துடைக்கப் போகும். யார் ஏற்பாடு என்று கேட்டால் முதலாளி ஒரு ஹெல்பர் அம்மாவைக் காட்டினார். பீஸ் அடுக்குகிற வேலையோடு வேலையாக விழுகிற துண்டைக் காலாலேயே அந்தந்தச் சாக்குக்குத் தள்ளிவிடுகிறார், நின்று பார்த்தால் தறியில் மிதி போடுகிற மாதிரி இருக்கிறது. அவர் வருவதற்கு முன்னால் எல்லாம் ஒரே மூட்டைதானாம். விருதை யூனிட்டின் பெயரில் எழுதினோம், தோளில் போடுகிற துண்டை அந்த அம்மாவுக்குப் போட்டோம். முதலாளி மனசாரக் கைதட்டினார். எல்லா முதலாளியும் அப்படி இல்லை. இன்னொரு இடத்தில் தன் தோளுக்கு வராத துண்டு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்யாண மண்டபம் ஒன்றிலும் பேசிப் பார்த்தோம். ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுகிற இடங்கள் அதைத் தாங்களே கவனிக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னதை எடுத்துச் சொன்னதும் பேச்சே முறிந்துவிட்டது. அங்கே இன்னும் வழி பிறக்கவில்லை.

பள்ளிக்கு வருகிறேன். இரண்டாம் வருடம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. ஓவியப் போட்டி, கட்டுரைப் போட்டி எதையும் நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை, ஏனென்றால் அதற்கே ஒரு கட்டு சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் குப்பையாகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மிச்சம் கொட்டுகிற வாளியை மட்டும் பார்த்தோம். முதல் நாள் 9 கிலோ. சத்துணவு அம்மாவிடம் தலைமை ஆசிரியை ஒரே ஒரு விஷயம் சொன்னார்: முதல் தடவை பாதி அளவு போடுங்கள், இரண்டாம் தடவை நீங்களே தட்டுத் தட்டாகப் போய்க் கேட்டுப் போடுங்கள். எந்தக் குழந்தைக்கும் அளவு குறையவில்லை. கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளைகள் உண்டு என்பதால், நீங்களே போய்க் கேளுங்கள் என்பதை அழுத்திச் சொன்னார். மூன்றாம் வாரத்தில் வாளி 3 கிலோவுக்கு வந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் நிறுத்து வாசல் கரும்பலகையில் எழுதினார்கள். ஒரு நாள் 7 கிலோ. ஏன் என்று நான் கேட்பதற்குள் ஒரு பையன், "இன்னிக்குச் சாதம் கொழைஞ்சு போச்சுங் டீச்சர்" என்றான், பக்கத்தில் நின்ற சமையலம்மா சிரித்துவிட்டார். குறைந்த எண்ணை மட்டும் எழுதாமல் கூடிய எண்ணையும் அழிக்காமல் விட்டார்கள் பாருங்கள், அதற்காகத்தான் அந்தப் பள்ளிக்கு விருது.

அதே பள்ளியில் காய்த்தோலுக்கு ஓர் உரக்குழி. ஆரம்பத்தில் நாறியது, ஈ மொய்த்தது, பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். ஈரத்துக்குச் சமமாகக் காய்ந்தது சேராததுதான் காரணம். ஒரு வாளித் தோலுக்கு இரண்டு வாளிக் காய்ந்த வேப்பஞ்சருகு என்று மாற்றி, வாரம் ஒரு முறை கிளறிவிட்டதும் நாற்றம் நின்றது. மண்ணைப் பிடித்தால் உருண்டை பிடிக்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது, அதுதான் பதம். சோற்றை அதில் போடவே கூடாது, அது மாட்டுக்கு. மாநில அரசு மஞ்சப்பை விருது என்று பள்ளி, கல்லூரி, வணிக நிறுவனம் ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று இடங்களுக்கு 10 லட்சம், 5 லட்சம், 3 லட்சம் ரூபாய் என்று அறிவித்திருக்கிறது. அது ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை ஒழிப்பதற்கானது. அதற்கு விண்ணப்பிக்க நினைக்கிற பள்ளிகள் இப்படி ஒரு நோட்டை இன்றைக்கே ஆரம்பித்துவிடுவது நல்லது. கடைசி நேரத்தில் போட்டோ எடுத்து ஒட்டுவதைவிடத் தேதி போட்ட நோட்டு பேசும்.

மண்டபமும் மேடையும் இப்போது கிடையாது. கொங்கு நாட்டில் சீர் கொண்டுபோவது எப்படி என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லையே, அதே மாதிரி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், சென்னிமலைத் துண்டு வைத்து நடந்தே கடைக்குப் போகிறோம். காலை டீ டைமில், கம்பெனி ஆட்கள் எல்லாம் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போவோம். கூட ஒரு தகரப் போர்டு, பெயிண்டர் கையால் எழுதியது. அதில் "சிறந்த கடை" என்று எழுத மாட்டோம். "இங்கே கண்ணாடி டம்ளரில் மட்டும் டீ" என்று அந்தக் கடை என்ன செய்கிறதோ அதை எழுதிக் கீழே வருடம் போடுவோம். போர்டில் ஒன்று, கையில் ஒன்று என்றால் டீ குடிக்கிறவரே கேட்டுவிடுவார், நாங்கள் காவல் காக்க வேண்டியதில்லை.

அந்த டீக்கடை அண்ணன் போன சித்திரையில் ஒரு நாள் ராத்திரி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பேப்பர் சுற்றிய போர்டு. "தண்ணி வரலீங்க்கா, டேங்கர் வாங்கிக் கட்டுப்படியாகல. கப்புக்குப் போய்ட்டேன். இது அங்க தொங்கறப்ப நம்மால கல்லாவுல உக்கார முடியல." எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. கடிந்துகொள்ள என்ன இருக்கிறது, நாங்கள் டம்ளரைப் பற்றிப் பேசினோமே தவிரத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுவாரம் தூய்மைப் பணியாளர் அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தோம். குழாயைத் திறந்துவிட்டு ஓடுகிற தண்ணீரில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அக்கா மத்தியானத்துக்கு மேல் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவப் போகிறவர். "மூணு அன்னக்கூடை வைங்கண்ணா" என்றார். முதலாவதில் டீ போக அலசுவது, இரண்டாவதில் சோப்பு, மூன்றாவதில் பாய்லரிலிருந்து பிடித்த சுடுதண்ணீர். முதல் கூடைத் தண்ணீர் அழுக்கானதும் கடை வாசல் புங்கமரத்துக்கு.

ஆடி பிறந்து பத்து நாளில் அண்ணன் மறுபடி டம்ளருக்கு வந்தார், போர்டைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கிப் பார்த்தவர், சித்திரையிலிருந்து ஆனி வரைக்கும் கப் ஓட்டியதையும் கீழே எழுதச் சொல்லிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் அண்ணா, நோட்டில் இருக்கிறது, அது போதும் என்றேன். ஸ்டூலைப் போட்டு ஏறினார். சுவரில் ஆணியைக் கழற்றாமல்தான் வைத்திருந்தார்.